மழை சொன்ன மீன்கள்

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஏரிக்கரை மேல் ஏறி நின்ற நிர்மலாதேவிக்கு, ராத்திரி பெய்த ஆலங்கட்டிதான் இன்னும் கரையாமல் தண்ணீரில் மிதக்கிறது என்று முதலில் தோன்றியது. அவ்வளவு வெள்ளை. கரையோரத்திலிருந்து நடு ஏரி வரைக்கும் வெள்ளை. ஆலங்கட்டி எந்த ஊரில் விடிகிறவரை தண்ணீரில் மிதந்திருக்கிறது? ஆனால் பார்க்கக் கூடாததைப் பார்த்தால் புத்தி அப்படித்தான், கைக்குக் கிடைத்த ஒரு பொய்யை எடுத்து நீட்டும்.

நாலடி கீழே இறங்கினாள். மீன். அத்தனையும் மீன். வயிற்றை மேலே காட்டிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, கட்லாவும் ரோகுவுமாக ஏரி முழுக்கச் செத்துக் கிடந்தது. காலடியில் கிடந்த ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். முக்கால் கிலோவுக்குக் குறையாது. கண் இன்னும் தெளிவாக இருந்தது. அதை மெதுவாகத் தண்ணீரில் வைத்து, நீந்திப் போகட்டும் என்று கையை எடுத்தாள். அது திரும்பவும் மல்லாந்துகொண்டது.

அழுகை வரவில்லை. இன்னொரு மீனை எடுத்து அதையும் தண்ணீரில் நிமிர்த்தி வைத்தாள். 

சித்தேரி மலைக்குக் கீழே இருக்கிற ஆவாரங்காட்டூரில், பதினோரு பெண்கள் சேர்ந்து குத்தகைக்கு எடுத்த ஏரி அது. நிர்மலாதேவிதான் குழுத் தலைவி. கார்த்திகையில் மீன்குஞ்சு விட்டபோது, "மாடு மேய்க்கிறவளுங்க மீனு மேய்க்கப் போறாளுங்க" என்று டீக்கடையில் ஒரு வாரம் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, பதினோரு பேரும் முறை வைத்துக் காவல் காத்தார்கள். தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டார்கள். சாணமும் கோழி எருவும் கூடை கூடையாகக் கொட்டினார்கள். வைகாசி பிறந்ததும் வலை இறக்க நாள் குறித்தாகிவிட்டது. இன்னும் ஒன்பதே நாள்.

அரை மணி நேரத்தில் ஊரே கரையில் நின்றது. ஏரிக்கரை மாரியம்மனுக்குப் பூசை செய்யும் பெரியண்ணன் தண்ணீரை ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"நாறுது. யாரோ மருந்து கலந்துட்டாங்க" என்றார். "திங்கக்கெழமை எப்படி இருந்துச்சு இந்த மீனு. கண்ணு பட்டுருச்சுன்னு கூடச் சொல்ல முடியாது. இது கை பட்டதுதான்."

கை என்றால் யார் கை? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நிர்மலாதேவிக்குத் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது.

அன்று விடிந்தும் விடியாத நேரத்தில் ஏரி மீன் மொத்தமும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான வாய். மீன் வானத்தைப் பார்த்து வாய் திறந்தால் மூன்று நாளில் மழை என்பது ஆவாரங்காட்டூரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சாஸ்திரம். இரண்டு வருஷமாக மழை ஏமாற்றிய ஊர். வெயில் நாற்பத்தொன்றைத் தொட்டுவிட்டது. கரட்டில் ஆவாரஞ்செடி கூடக் கருகிவிட்டது. கிணறுகளில் கயிறுதான் நீண்டுகொண்டே போனது. அப்படிப்பட்ட ஊருக்கு மீன் வந்து நல்ல சேதி சொன்னால் சும்மா இருப்பார்களா? பெரியண்ணன் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார். மழை சொன்ன மீனை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்று வீட்டுக்கு வீடு பொரியும் அவலும் வெல்லமும் வந்து ஏரியில் விழுந்தன. குழு சார்பில் நிர்மலாதேவி புண்ணாக்கு இரண்டு மூட்டையைப் பிரித்துக் கொட்டச் சொன்னாள்.

அத்தனை பேரில் ஒருவன் மட்டும் இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நின்றான். சின்னப்பராஜ். மாந்தோப்புகளுக்கும் தக்காளித் தோட்டங்களுக்கும் இன்ஜின் வைத்த மெஷினில் கூலிக்கு மருந்தடிக்கிறவன். எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி மூன்று வருஷம் ஆகிறது. இந்த ஏரியைக் குத்தகைக்குக் கேட்டு, குழுவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாகிப்போனவன்.

"அக்கா, தீனி போடாதீங்க. ஒரு வாரத்துக்கு ஒண்ணுமே போடாதீங்க. இது மழைக்கு வர்றது இல்லீங்க, இது வந்து..." என்று ஆரம்பித்தான்.

முழுசாகச் சொல்ல யார் விட்டார்கள்? "நல்ல நாளும் அதுவுமா இவன் வாயைப் பாரு" என்றார் பெரியண்ணன். நிர்மலாதேவியும் விடவில்லை. "உனக்கு ஏரி கெடைக்கலன்னா எங்க மீனு பட்டினி கெடக்கணுமா சின்னப்பா" என்று கேட்டாள். கரையே சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் அவனை அவள் இன்னொரு முறை பார்த்தாள். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகிற கோடிப் பக்கம், தன் மெஷினை வைத்துக்கொண்டு, குழாயை ஏரிக்குள் நீட்டிப் பீச்சிக்கொண்டிருந்தான். மருந்து டப்பாவை எல்லாம் ஏரியில் கழுவுகிறான் போலிருக்கிறது, நாளைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ராத்திரி இடி இடித்து ஆலங்கட்டியும் மழையுமாகக் கொட்டியது. மீன் சொன்னது பலித்துவிட்டது என்று ஊரே வாசலில் நின்று நனைந்தது. பலிக்கத்தான் பலித்தது.

"சின்னப்பராஜ்" என்றாள் நிர்மலாதேவி. சத்தம் பெரிதாக இல்லை, ஆனால் கரையில் எல்லோருக்கும் கேட்டது. "நேத்து சாயங்காலம் கோடியில நின்னு மருந்து மெஷினை ஏரிக்குள்ள பீச்சிக்கிட்டு இருந்தான். என் கண்ணால பாத்தேன்."

கண்ணால் கண்டதும் பொய் என்று பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தவர் ஒருத்தரும் அன்றைக்கு ஏரிக்கரையில் இல்லை.

அவள் கொழுந்தன் மதியழகன் முன்னால் ஓடினான். பின்னால் இருபது பேர். சின்னப்பராஜ் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். ஊரே விழித்திருக்கும்போது தூங்குகிறான், அது ஒரு குற்றம். போட்டிருந்த சட்டை, கால்சட்டை எல்லாம் தெப்பமாக நனைந்திருந்தது, அது ஒரு குற்றம். எழுப்பியபோது கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. குடித்துவிட்டுச் செய்திருக்கிறான் என்று முடிவாகிவிட்டது. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்காமலே தெரிந்துகொண்டார்கள்.

கரைக்கு இழுத்து வருவதற்குள் உதடு கிழிந்துவிட்டது. அவன் மனைவி ராஜமேரி குறுக்கே குறுக்கே விழுந்து தடுத்தாள். அவளைத் தள்ளிவிட்டார்கள்.

"மருந்து இல்லீங்க" என்றான் சின்னப்பராஜ். "தண்ணிதாங்க. ஏரித் தண்ணிய உறிஞ்சி ஏரிக்கேதான் பீச்சினேன்."

 யாரோ சிரித்தார்கள். ஏரித் தண்ணீரை எடுத்து ஏரிக்கே பீச்சினானாம். பொய் சொல்வதிலும் ஒரு பொருத்தம் வேண்டாமா? அந்தச் சிரிப்புக்குப் பிறகு விழுந்த அடிதான் பலமாக விழுந்தது.

யாரோ போன் செய்து போலீஸ் ஜீப் வந்ததால் அவன் உயிர் தப்பியது. சப்-இன்ஸ்பெக்டர் கூட்டத்தை விலக்கி அவனை ஜீப்பில் ஏற்றச் சொல்லிவிட்டு, யார் பார்த்தது என்று கேட்டார். எல்லோரும் நிர்மலாதேவியைக் காட்டினார்கள்.

"என்னம்மா பாத்தீங்க?"

"மருந்து மெஷின்ல ஏரிக்குள்ள பீச்சிக்கிட்டு இருந்தான் சார்."

"மருந்துதானா? நல்லாத் தெரியுமா?"

நிர்மலாதேவி ஏரிப் பக்கம் திரும்பினாள். எதிரே ஆறு மாத உழைப்பு செத்து மிதக்கிறது. பின்னால் பத்துப் பெண்கள் முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

"மருந்துதான் சார். வாடை வந்துச்சு" என்றாள்.

வாடை எங்கிருந்து வந்தது? அவள் நின்ற இடத்துக்கும் கோடிக்கும் அரை பர்லாங்கு இருக்கும். காற்று வேறு மலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. வாயிலிருந்து வந்துவிட்டது. வந்ததை ஏட்டு எழுதிக்கொண்டார். கீழே கையெழுத்துப் போட்டாள்.

ஜீப் கிளம்பும்போது சின்னப்பராஜ் வெளியே எட்டி ராஜமேரியிடம் ஏதோ கத்தினான். அவள் வீட்டைப் பார்த்து ஓடினாள். ஆனால் அவளுக்கு முன்னால் மதியழகன் அங்கே இருந்தான். "அந்த மெஷினை விட்டு வெக்காதடா" என்று நிர்மலாதேவி சொல்லி அனுப்பியிருந்தாள். கடப்பாரையால் நாலே போடு. இன்ஜின் ஒரு பக்கம், பம்பு ஒரு பக்கம். ராஜமேரி வந்து பார்த்துவிட்டு, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. வாசலில் கிடந்த பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு திரும்பவும் ஏரிக்கு ஓடினாள்.

கோடிப் பக்கம் முழங்கால் ஆழத்தில் இறங்கி, வாளியில் தண்ணீரை மொண்டு தலைக்கு மேலே வீசினாள். அது அப்படியே தண்ணீரில் விழுந்தது. திரும்ப மொண்டாள், திரும்ப வீசினாள். எட்டு மணிக்கு ஆரம்பித்தவள் நிற்கவே இல்லை.

"புருஷனைப் புடிச்சுட்டுப் போனதும் புத்தி பெரண்டுடுச்சு போல" என்று கரையில் பேசிக்கொண்டார்கள். நிர்மலாதேவிக்கும் ஒரு தரம் பாவமாக இருந்தது. உடனே ஏரியைப் பார்த்தாள், பாவம் போய்விட்டது.

பதினொரு மணிக்கு மீன்வளத் துறையிலிருந்து ஓர் அதிகாரி ஸ்கூட்டியில் வந்தாள். சுசித்ரா என்று பெயர். சின்னப் பெண்ணாக இருந்தாள். ஒயரில் கட்டிய ஒரு கருவியைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். இன்னொரு இடத்தில் விட்டுப் பார்த்தாள். பிறகு கரையோரமாகக் குனிந்து எதையோ தேடிக்கொண்டே நடந்தாள். மீன் இவ்வளவு கிடக்கும்போது வேறு எதைத் தேடுகிறாள் என்று நிர்மலாதேவிக்கு எரிச்சலாக வந்தது.

"மருந்து கலந்தவனைப் புடிச்சாச்சுங்க மேடம். எந்த மருந்துன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா..."

"மருந்தா?" சுசித்ரா நிமிர்ந்தாள். "தவளை எல்லாம் உசுரோட இருக்குது பாருங்க. இந்தப் பொடி எறாலு, தண்ணிப் பூச்சி எல்லாம் ஓடிக்கிட்டு இருக்குது. மருந்தா இருந்தா மொதல்ல செத்திருக்க வேண்டியது இதுங்கதான். செத்ததுல விரால் ஏதாச்சும் பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை.

"பாத்திருக்க மாட்டீங்க. விராலு மேல வந்து நம்மள மாதிரி காத்து குடிக்கும். அதான் பொழச்சுக்கிச்சு. கட்லாவுக்கு அது முடியாது. ரெண்டு மூணு நாளு முன்னாடி மீனெல்லாம் விடியக்காலம் மேல வந்து வாயைத் தொறந்துச்சா?"

பெரியண்ணன் முன்னால் வந்தார். அவருக்கு அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமைதான். "ஆமா கண்ணு. திங்கக்கெழமையே சொல்லிருச்சு மழை வரும்னு. அதுக்கு நாங்களும் கொறை வெக்கல. பொரி, அவல், ரெண்டு மூட்டைப் புண்ணாக்கு."

சுசித்ரா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினாள்.

"அது மழை சொல்லலைங்கய்யா. மூச்சு முட்டி மேல வந்திருக்குது. தண்ணியில காத்து இல்ல."

பெரியண்ணன் வாய் திறந்தபடி நின்றது. மூச்சுக்குத் தவித்துக்கொண்டு வந்த உயிருக்கு ஊரே கற்பூரம் காட்டிச் சிரித்திருக்கிறது. பொரி என்று நினைத்துப் போட்டதெல்லாம் வாய்க்கரிசி.

"அண்டாவுல வெந்நி காய வெச்சு வெளாவாம கையை விட்டா எப்படி இருக்கும்?" என்று சுசித்ரா நிர்மலாதேவியைக் கேட்டாள்.

"மேல கொதிக்கும், அடியில பச்சத் தண்ணியா இருக்கும்."

"ஏரியும் அப்படித்தாங்க. நாப்பத்தொரு டிகிரி வெயிலு, மழை இல்ல, காத்து இல்ல. மேல ரெண்டு மூணு அடி சூட்டுத் தண்ணி தனி, கீழ குளுந்த தண்ணி தனி. ஒண்ணோட ஒண்ணு கலக்காது. ஒரே ஏரிக்குள்ள ரெண்டு ஊருன்னு வெச்சுக்குங்க. அதோ சித்தேரி மேல குளிரு, பலா காய்க்குது. கீழ இந்தக் கரட்டுல வேலாமுள்ளுதான். ரெண்டையும் பிரிச்சு வெச்சிருக்கறது வெயிலும் மழையும்தானே? தண்ணிக்குள்ளயும் அதே கதைதான். நீங்க போட்ட சாணம், புண்ணாக்கு எல்லாம் அடியில போய் மக்கி, அங்க இருந்த காத்தைப் பூராத் தின்னுடுச்சு. மீனு மேல் தண்ணியிலதான் ஒண்டிக்கிட்டு இருந்திருக்குது. ராத்திரி ஆலங்கட்டி விழுந்து மேல் தண்ணி குளுந்து கீழ எறங்கிடுச்சு, புயக்காத்து கலக்கி விட்டுடுச்சு. அடியில கெடந்த கெட்ட தண்ணி மொத்தமும் மேல வந்துடுச்சு. இப்ப நாறுதே, அது அந்த வாடை. மருந்து வாடை இல்ல."

வாடை என்ற சொல் காதில் விழுந்ததும் நிர்மலாதேவி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"அப்ப... மழையாங்க கொன்னுச்சு?"

"மழை மட்டும் இல்லீங்க. வெயிலும் கொன்னுச்சு. தீனியும் கொன்னுச்சு. திங்கக்கெழமையே தெரிஞ்சிருந்தா தீனிய நிறுத்திட்டு, இன்ஜின் வெச்சுத் தண்ணிய உறிஞ்சி மேல பீச்சி விட்டிருக்கலாம். பீச்சுற தண்ணி காத்தை இழுத்துக்கிட்டு விழும். கடலோரம் எறாப் பண்ணையில எல்லாம் ராவும் பகலும் அதானே பண்றாங்க."

  நடந்தது என்ன என்று நிர்மலாதேவியின் புத்திக்கு எட்டிவிட்டது. எட்டியதை நம்பத்தான் முடியவில்லை. மறுபடியும் ஏதாவது பொய் கிடைக்காதா என்று தேடினாள். இந்த முறை ஒன்றும் கிடைக்கவில்லை.

"அங்க யாரு, அந்த அம்மா என்ன பண்றாங்க?" என்று சுசித்ரா கோடிப் பக்கம் கையைக் காட்டினாள்.

 சுசித்ரா விறுவிறுவென்று நடந்தாள், எல்லோரும் பின்னால் போனார்கள். ராஜமேரி இடுப்பில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் வாளியை மொண்டு வீசிக்கொண்டிருந்தாள். கைப்பிடி அறுத்து உள்ளங்கையில் ரத்தம் கசிந்தது. இவ்வளவு பேர் வந்து நின்றதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் காலைச் சுற்றித் தண்ணீர் அசைந்தது. மீன். உயிரோடு மீன். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, வாளித் தண்ணீர் விழுகிற இடத்துக்கு முண்டிக்கொண்டு வந்தன. நானூறு ஐந்நூறு இருக்கும். செத்த மீன் ஒரு பக்கம் வெள்ளையாக ஒதுங்கிக் கிடக்க, இந்த மூலை மட்டும் கருகருவென்று துடித்தது. கரையில் மண்ணில் மெஷின் வைத்த தடம் இருந்தது. பக்கத்தில் காலி டீசல் கேன் மூன்று கிடந்தது.

சுசித்ரா கருவியைத் தண்ணீரில் விட்டாள். "இங்க மட்டும்தான் காத்து இருக்குது. யாரோ ராத்திரி பூரா மெஷின் ஓட்டியிருக்காங்க. மழையில நனஞ்சுக்கிட்டே ஓட்டியிருக்கணும். யாருங்க அது?"

மதியழகன் மெதுவாகக் கூட்டத்தின் பின்னால் போய்விட்டான். பெரியண்ணன் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். 

"எம் புருஷன்" என்றாள் ராஜமேரி, மொண்டுகொண்டே. "ஆந்திராவுல எறாப் பண்ணையில நாலு வருஷம் இருந்தாரு. விடியக்காலம் டீசல் தீந்துதான் மெஷினோட வூட்டுக்கு வந்தாரு. திங்கக்கெழமையே சொல்ல வந்தாரு. விட்டீங்களா?"

"அந்த மெஷினை உடனே எடுத்தாந்து ஓட்டச் சொல்லுங்க" என்று சுசித்ரா அவசரப்படுத்தினாள். "பொழுது எறங்குனா இந்தக் காத்தும் கொறஞ்சுடும். விட்டா காத்தாலைக்குள்ள இதுவும் போயிடும். வேற இன்ஜின் இருந்தாலும் பரவால்ல."

வேறு இன்ஜின் எங்கே இருக்கிறது? ஊரில் இருப்பதெல்லாம் கரண்ட் மோட்டார். ராத்திரிக் காற்றில் கம்பம் சாய்ந்து கரண்டே இல்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் வாடகைக்குக் கிடைக்குமா பார்க்கிறேன் என்று ஒருவன் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான். நிர்மலாதேவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, ராஜமேரி கையிலிருந்த வாளியை வாங்கப் போனாள். ராஜமேரி கொடுக்கவில்லை.

"என் வாளிய வுடுங்க. நீங்க போயி அவரைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்றாள். "நீங்கதானே அனுப்புனீங்க."

 திட்டியிருந்தால் தேவலை. நிர்மலாதேவி கரைக்கு ஏறி, "வூட்டுல இருக்குற வாளி, குண்டான் எல்லாத்தையும் எடுத்தாங்க. எல்லாரும் எறங்குங்க" என்று தன் குழுப் பெண்களிடம் சொன்னாள்.  பத்துப் பேரும் ஓடினார்கள். அவள் சுசித்ராவிடம் போய், "மேடம், என்னைய டேஷன்ல கொண்டு போயி விடுங்க. அவங்ககிட்ட நீங்களும் சொல்லணும்" என்றாள்.

ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனாள். வெயில் நெருப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. காலையில் கையெழுத்துப் போட்ட விரலைப் புடவையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். ஒரு மனிதன் ராவெல்லாம் மழையில் நின்று குழுவின் மீனைக் காப்பாற்றியிருக்கிறான், அவனை ஜெயிலுக்கு அனுப்புகிற காகிதத்தில் அவள் பெயர் இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் புதிதாகக் கேட்பது போலத் திடுக்கிட்டது.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் சுசித்ரா சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு நிர்மலாதேவி பக்கம் திரும்பினார்.

"வாடை வந்துச்சுன்னு சொன்னீங்களேம்மா?"

"வரல சார்."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"மீனு செத்துக் கெடந்துச்சு. யாரையாச்சும் சொல்லணும்னு இருந்துச்சு. சொல்லிட்டேன்."

"பொய்ப் புகாருன்னு உங்க மேலயே கேஸ் வரலாம். தெரியும்ல?"

"வரட்டுங்க சார். அவனை வுட்டுடுங்க. நான் எங்க வேணா கையெழுத்துப் போடுறேன்."

 சப்-இன்ஸ்பெக்டர் ஏட்டைக் கூப்பிட்டு வேறு காகிதம் எடுக்கச் சொன்னார். வாடை வரவில்லை என்று அவள் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதி வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டாள். காலையில் போட்டதை விட இது கோணலாக வந்தது.

சின்னப்பராஜ் வெளியே வந்தான். ஒரு கண் மூடியே போயிருந்தது. சட்டை உடம்போடு ஒட்டிக் காய்ந்திருந்தது. அவன் கத்துவான், காறித் துப்புவான், எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நிர்மலாதேவி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் அவளைப் பார்த்ததும் கேட்டதே வேறு.

"அக்கா, கோடியில இருந்த மீனு இருக்குதுங்களா?"

"இருக்குது."

அவன் மூச்சை விட்டான். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "நான் பயந்துக்கிட்டே இருந்தேன். மேரி மெஷின் ஓட்டுறா இல்லீங்க? ஜீப்புல ஏறும்போதே சொல்லிட்டு வந்தேன். வெயிலுக்கு சூடேறி நின்னுக்கும். நின்னுச்சுன்னா ஈரத் துணிய இன்ஜின் மேல போட்டு, கொஞ்சம் ஆற வுட்டு இழுக்கணும். அவளுக்கு அது தெரியாது. நீங்க யாராச்சும் கூட இருந்து சொல்லிக்குடுங்க. மெஷினு நம்ம மெஷின்தான், எத்தனை நாளு வேணும்னாலும் ஓட்டிக்கிங்க."

சுசித்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நிர்மலாதேவி இரண்டு முறை வாயைத் திறந்து மூடினாள். 

"மெஷினு இல்ல சின்னப்பா. ஒடச்சுட்டாங்க. நான்தான் ஒடைக்கச் சொன்னேன்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. "எந்த மெஷினு?" என்றான். பிறகு விளங்கியது. நல்லாயிருந்த ஒரு கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

"அப்ப மீனு எப்படிங்க உசுரோட இருக்குது?"

"மேரி வாளியில மொண்டு மொண்டு வீசிக்கிட்டு இருக்கா. இப்ப எங்க குழு பத்துப் பேரும் எறங்கியிருக்காங்க."

"இப்ப எறங்கியிருக்காங்க. மேரி எப்ப எறங்குனா?"

"எட்டு மணிக்கு."

அவன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஒன்றரை ஆகியிருந்தது.

"மத்தியானம் வரைக்கும் அவ ஒருத்திதானா?"

"ஆமா."

"நீங்கல்லாம்?"

அதற்கு ஒரு பொய்யும் அவளுக்கு வரவில்லை.

"கரையில நின்னு பாத்துக்கிட்டு இருந்தோம்" என்றாள் நிர்மலாதேவி.